பேறுகாலப் பெட்டியும் பானைத் தண்ணியும்

1

நேத்து சாயங்காலம் எம்மகளை அடிச்சுட்டேன். செல்லத் தட்டு இல்லை. கன்னத்துல நாலு விரலும் பதியுற அடி. ரோஸிக்கு வயசு ஏழு. இந்த லீட்ஸ் ஊருக்கு வந்து மூணு வருசம் ஆகுது. இங்க வந்ததுல இருந்து அவ மேல நான் கை வச்சதே இல்லை.

அவ செஞ்ச குத்தம் என்ன தெரியுமா? என் பேறுகாலப் பெட்டியில இருந்த சின்னத் தீர்த்த பாட்டிலை எடுத்து அடுப்படி அலமாரியில வச்சுட்டா. அம்புட்டுத்தான். எடுத்ததை ஒளிக்கக்கூட இல்லை. நேரா என்கிட்ட வந்து, "மம்மி, அது லீக் ஆகுது. பாப்பா டிரெஸ் எல்லாம் நனைஞ்சிரும். எடுத்து வெளிய வச்சுட்டேன்"னு சொன்னா. சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் கை போயிருச்சு.

அவ அழலை. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்தா. நான்தான் ஒம்பது மாச வயித்தோட படிக்கட்டுல உக்காந்துட்டேன்.

நம்ம பங்குக் கோயில் பத்திரிகைக்கு, 'வெளிநாட்டு வாழ்க்கையைப் பத்தி நாலு பக்கம் எழுதம்மா'ன்னு ஆசிரியர் ஐயா கடுதாசி போட்டு எட்டு மாசம் ஆச்சு. பனியைப் பத்தி எழுதலாம், ரெண்டு மாடி பஸ்ஸைப் பத்தி எழுதலாம்னு நாளைக் கடத்திக்கிட்டே இருந்தேன். ஐயா மன்னிக்கணும். பனியைப் பத்தி வேற யாராச்சும் எழுதுவாங்க. நான் இந்த அடியைப் பத்தித்தான் எழுதப் போறேன்.

2

இங்க பிரசவத்துக்குன்னா ஆஸ்பத்திரியே ஒரு பட்டியல் அச்சடிச்சுக் கையில குடுத்துருது. இரவு உடுப்பு மூணு, செருப்பு ஒரு ஜோடி, சோப்பு, சீப்பு, முகம் துடைக்கிற துணி. பிள்ளைக்கு உடுப்பு, கம்பளிக் குல்லா. எட்டாம் மாசமே கட்டித் தயாரா வச்சிருக்கணுமாம். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ரோஸிதான் பட்டியலை வாசிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பென்சில்ல கோடு போட்டு, அட்டைப்பெட்டி சூட்கேஸ்ல அடுக்குனா. தமிழ்ல பேசுடின்னா, "டமில்ல எல்லா வேர்டும் எனக்கு வரல மம்மி"ங்கிறா. கேட்டா வயிறு எரியும். ஆனா அவ இல்லாட்டி எனக்கு இந்த ஊர்ல ஒரு பாக்கெட் உப்பு வாங்கத் தெரியாது. என்னத்தச் சொல்ல.

எங்க வீட்டுக்காரருக்குத் தோல் பதம் பண்ற ஷாப்புல வேலை. திண்டுக்கல்லுலயும் அதே வேலைதான் பாத்தாரு. இங்க மெஷின் அதிகம், நாத்தம் அதே நாத்தம். அவர் வேலையை விட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா எனக்கு எங்க மச்சான் நெனப்பு வந்துரும். எங்க அக்கா ஆரோக்கியத்தோட வீட்டுக்காரர். அவரும் தோல் ஷாப்புதான்.

கிளினிக்குல ஒரு அம்மா மேசைக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு படிவம் நிரப்புனா. கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேரு என்னன்னு கேட்டா. நமக்கு ஏது குடும்பப் பேரு? எங்க அப்பா பேரைச் சொன்னேன், அப்ப உங்க தாத்தா பேரும் அதானான்னு கேக்குறா. இப்படியே கால் மணி நேரம். மதம்ங்கிற எடத்துல கத்தோலிக்கம்னு சிவப்பு மையில எழுதிக்கிட்டா. அப்புறம் தலையைத் தூக்காமலே ஒரு கேள்வி கேட்டா. ரோஸி எனக்குச் சொன்னா: "நம்ம ஃபேமிலில யாருக்காச்சும் பேபி பொறந்து செத்துப் போச்சான்னு கேக்குறாங்க மம்மி."

"நோ"ன்னேன்.

ரோஸி துணையில்லாம நான் சொன்ன இங்கிலீஷ் அது ஒண்ணுதான். அந்த அம்மாவும் 'நோ'ன்னு எழுதிக்கிட்டா.

3

அம்பத்து ரெண்டாம் வருசம்னு நெனைக்கிறேன், எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. அக்காவுக்குத் தலைப்பிரசவம், எங்க வீட்டுக்கு வந்திருந்தா. முதல் பேறுகாலம் சிக்கலா இருக்கும்போல தெரியுது, வீட்டுல வேணாம்னு மருத்துவச்சியே சொல்லிட்டா. எங்க வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு டாக்டரம்மா நாலு கட்டில் போட்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்துனாங்க. அங்க போறதுன்னு முடிவாச்சு. எங்க குடும்பத்துல ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெறப் போன முதல் ஆள் அக்காதான்.

மச்சான் ஒரு தோல் பையைக் கொண்டாந்து குடுத்தாரு. அவரே தச்சது. தொறந்தா ஆவாரம் பட்டை வாடை குப்புனு அடிக்கும். அதைக் கட்டுற வேலையை அம்மா என்கிட்ட விட்டாங்க. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பட்டியல் எல்லாம் வாயிலதான்.

"பழைய வேட்டி கிழிச்ச துணி வச்சியா? சுக்கு, கருப்பட்டி? செபமாலை? மெழுகுவத்தி? அடியே லூர்து, தீர்த்தத்தை வச்சியாடி?"

"வச்சேம்மா, வச்சேம்மா."

அந்தத் தீர்த்தம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை கோயில்ல மந்திரிச்சு வாங்கினது. ஒரு பழைய மருந்து பாட்டில்ல ஊத்தி, துணியைத் திரிச்சு அடைச்சு, மாதா படத்துக்கு முன்னாடி வச்சிருப்போம். பிரசவத்துக்கு அது ஏன்னு நம்ம ஆளுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்குச் சொல்றேன். பொறந்த பிள்ளைக்கு ஏதாச்சும் ஆபத்துன்னா, சாமியார் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. பக்கத்துல இருக்கிறவங்களே தலையில தண்ணி ஊத்தி, பேர் சொல்லி, ஞானஸ்நானம் குடுத்துரணும். அது இல்லாமப் போன பிள்ளை மோட்சம் சேராதும்பாங்க. கல்லறைத் தோட்டத்துல மந்திரிச்ச மண்ணுல அதுக்கு எடம் கிடையாது. வேலிக்கு வெளியதான்.

நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு சட்டை தச்சிருந்தேன். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்புல நான் முழுசா முடிச்ச முதல் உருப்படி. வெள்ளைச் சட்டை, கழுத்துல சிவப்பு நூல்ல பூ. 'பொறக்குமுன்னே சட்டை தைக்காதடி'ன்னு அம்மா வஞ்சாங்க. ஞானஸ்நானத்துக்குப் போடுறதுக்குன்னு சொல்லி சமாளிச்சேன். அந்தச் சட்டை மேல எனக்கு அப்படி ஒரு பெருமை.

அக்காவுக்கு வலி கண்ட அன்னைக்குக் காலையில பையைத் தொறந்து பாக்குறேன். பாட்டில் துணி நழுவி, தண்ணி கசிஞ்சு, சட்டைக் கழுத்துல சிவப்புச் சாயம் ஓடியிருக்கு. ஒரு புளியங்கொட்டை அளவு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. பாட்டிலை எடுத்து மாதா படத்துக்குப் பின்னாடி வச்சுட்டேன். நாலு தெருதானே, வேணும்னா ஓடிவந்து எடுத்துக்கலாம்னு நெனச்சேன். வாசல்ல ஜட்கா வண்டி வந்து நின்னுருச்சு. அம்மா உள்ள இருந்து, "எல்லாம் வச்சாச்சாடி?"ன்னாங்க.

"வச்சாச்சும்மா"ன்னேன்.

4

பிள்ளை மத்தியானத்துக்கு மேல பொறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. கட்டிலைச் சுத்தி ஒரு பச்சைத் துணித் தட்டி மறைச்சிருந்தாங்க. தட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா ரத்தம் போயி அசந்து கிடக்குறா. டாக்டரம்மா அவளைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. தட்டிக்கு இந்தப் பக்கம், சன்னலோரம் பெஞ்சியில, ஆஸ்பத்திரி ஆயா பிள்ளையை வச்சு முதுகைத் தேய்க்கிறா, காலைத் தட்டுறா. பிள்ளை பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் குடுத்துச்சு. உதடெல்லாம் நீலம்.

ஆயா அம்மாவைப் பாத்து, "இது நிக்காதும்மா. உங்க சாமிக்கு என்ன செய்யணுமோ வெரசாச் செஞ்சுக்கங்க"ன்னா.

அம்மா திரும்புனாங்க. "லூர்து, தீர்த்தத்தை எடுடி!"

பையில பாட்டில் இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தும் நான் பையைத் தொறந்து தேடுனேன். துணியை ஒவ்வொண்ணா எடுத்து உதறித் தேடுனேன். கருப்பட்டிப் பொட்டலத்தைத் தூக்கிப் பாத்தேன். தேடுற மாதிரி நடிச்சேன்யா, நடிச்சேன்.

பெஞ்சிக்குப் பக்கத்துல ஒரு மண்பானை இருந்துச்சு. தண்ணியில்லாத ஊருன்னு நம்ம திண்டுக்கல்லைச் சொல்லுவாங்க. அன்னைக்கு அந்தப் பானை கழுத்து வரைக்கும் நல்ல தண்ணி. மேல ஒரு தட்டு, தட்டு மேல ஒரு தம்ளர்.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் ஞானோபதேச வகுப்புல சிஸ்டர் என்னை எழுப்பி அதே கேள்வியைக் கேட்டாங்க. ஆபத்து நேரத்துல யார் ஞானஸ்நானம் குடுக்கலாம், எந்தத் தண்ணியில குடுக்கலாம்னு. யாரும் குடுக்கலாம், மந்திரிச்ச தண்ணிதான் வேணும்னு இல்லை, கிணத்துத் தண்ணி, ஆத்துத் தண்ணி, எந்தப் பச்சைத் தண்ணியும் போதும்னு கடகடன்னு ஒப்பிச்சேன். ஒரு மாதா படம் பரிசு குடுத்தாங்க. எங்க அம்மா ஞானோபதேசம் படிக்காதவங்க. அவங்களுக்குத் தீர்த்தம்னா தீர்த்தம்தான். அந்த அறையில பதில் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்.

பதில் நுனி நாக்குல நின்னுச்சு. ஆனா வாயைத் தொறந்து 'பானைத் தண்ணியே போதும்மா'ன்னு சொன்னா, 'அப்ப பாட்டில் எங்கடி'ன்னு கேப்பாங்களே. வச்சாச்சுன்னு பொய் சொல்லியிருக்கேனே. திருடனுக்குத் தேள் கொட்டுன கதைதான். குனிஞ்சு தேடிக்கிட்டே இருந்தேன்.

அம்மா பையைப் பிடுங்கித் தலைகீழாக் கொட்டுனாங்க. "பாவி மகளே, எங்கடி போச்சு? ஓடு, வீட்டுல கெடக்கா பாரு, ஓடு!"

ஓடுனேன். அந்த வெயில்ல நாலு தெரு. கால்ல செருப்பு இல்லை. தெருக்குழாய்ல பொம்பளைக குடத்தை வச்சுக்கிட்டு சண்டை போட்டுக்கிட்டு நின்னாங்க, அதைத் தாண்டி ஓடுனேன். வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறதும்பாங்க. நான் தண்ணியை விட்டுட்டுத் தண்ணிக்கு ஓடுனேன். படத்துக்குப் பின்னாடி கையை விட்டு பாட்டிலை எடுத்துக்கிட்டு திரும்பி வந்தப்போ, ஆயா வேட்டித் துணியைப் பிள்ளை முகத்து மேல போட்டுட்டா.

அம்மா பாட்டிலை வாங்கலை. தரையில உக்காந்து, சிதறிக் கெடந்ததைப் பொறுக்கிப் பையில வச்சுக்கிட்டு இருந்தாங்க.

5

மச்சானும் அப்பாவும் பிள்ளையைக் கொண்டு போனாங்க. கல்லறைத் தோட்டத்துக் கள்ளிவேலிக்கு வெளிய வச்சுட்டு வந்தாங்க. நான் தச்ச சட்டையைத்தான் போட்டாங்க. கழுத்துல அந்தச் சாயக் கறையோட.

அக்கா அன்னைக்குச் சாயந்திரம் கண்ணு முழிச்சா. பிள்ளை எங்கன்னு கேக்கலை, முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டா. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "தண்ணி ஊத்துனீங்களாம்மா?"

"ஊத்துனேன் தாயி"ன்னாங்க அம்மா. "ஊத்தாம இருப்பனா? லூர்துதான் தீர்த்தத்தை எடுத்துக் குடுத்தா. மரியான்னு பேர் வச்சேன்."

அக்கா கையை நீட்டி என் கையைப் பிடிச்சா. அவ கை சில்லுனு இருந்துச்சு. அந்தச் சில்லிப்பு இன்னமும் என் கையை விட்டுப் போகலை.

அன்னையில இருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மச்சான் அவளைக் கூட்டிக்கிட்டுப் போவாரு. வேலிக்கு உள்ள, யாரோ எப்பவோ வச்ச ஒரு சின்ன மண்மேட்டைக் காட்டி, இதுதான்னு சொல்லி வச்சிருந்தாரு. அக்கா அதுல பூப்போட்டு மெழுகுவத்தி ஏத்துவா. பக்கத்துல நான் நிப்பேன். அதுக்கப்புறம் அவளுக்கு ரெண்டு ஆம்பளைப் பிள்ளைக பொறந்துச்சு. யாராச்சும் எத்தனை பிள்ளைன்னு கேட்டா, "மூணு. மூத்தவ மோட்சத்துல இருக்கா"ம்பா.

பாவசங்கீர்த்தனத்துல இதைச் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. சொன்னேன். "பொய் சொன்னேன் சாமி, ஒரு தடவை"ன்னு சொன்னேன். மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. முப்பது சொன்னேன். தீரலை.

ரோஸி எரியோட்டுல, என் மாமியார் வீட்டுல, வீட்டுப் பிரசவமாப் பொறந்தா. பெட்டி கட்டுற வேலை வரலை. ஆனா அவ பொறக்குறப்போ நான் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு குடம், காலடியில ஒரு குடம், சன்னல்ல ஒரு செம்பு வைக்கச் சொன்னேன். "என்னடி, பிள்ளை பெறப் போறியா, மீன் வளக்கப் போறியா?"ன்னு மாமியார் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

எங்க அம்மா ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தவறிப் போனாங்க. தந்தி இங்க வந்து சேர்ந்தப்போ அடக்கமே முடிஞ்சிருச்சு. அக்காகிட்ட சொன்ன அந்தப் பொய்யைப் பத்தி என்கிட்ட அவங்க ஒரு நாளும் பேசுனதில்லை. பாட்டில் ஏன் பையில இல்லைன்னு அன்னைக்கு அப்புறம் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தா நான் பொழைச்சிருப்பேன்.

6

போன மாசம் எங்க வீட்டுக்காரர் கூட வேலை செய்ற ஒருத்தர் லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தாரு. அக்கா ஒரு பொட்டலமும் கடுதாசியும் குடுத்து விட்டிருந்தா. பொட்டலத்துல சுக்கு, கருப்பட்டி, பழைய வேட்டித் துணி, அப்புறம் ஒரு பாட்டில் தீர்த்தம். துறைமுகத்துல கஸ்டம்ஸ்காரன் அதைத் தொறந்து மோந்து பாத்து, இது சாராயமான்னு கேட்டானாம். 'சாமி தண்ணி'ன்னு சைகையில சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள பாவம், அந்த மனுசனுக்குப் போதும் போதும்னு ஆயிருச்சாம்.

அக்காவுக்கும் எழுத்து தெரியாது. அவ சொல்லச் சொல்ல மச்சான் எழுதுவாரு. சூதானமா இரு, குளிர்ல நிக்காதேன்னு எல்லாம் எழுதியிருந்தா. நடுவுல இப்படி ஒரு வரி: 'தீர்த்தத்தைப் பெட்டியில மேலாக்க வையி. அடியில வச்சுறாத. அந்நேரம் தேடுற மாதிரி ஆயிரும்.'

அந்த வரியை நான் எத்தனை தடவை வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. தேடுனது அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்ன கதையில தேடலே கிடையாதே. பச்சைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவ அசந்து கிடந்தான்னுதான் பதினாலு வருசமா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த பாட்டிலைத்தான் நேத்து ரோஸி எடுத்து வெளிய வச்சா. அதுக்குத்தான் அடிச்சேன்.

ராத்திரிச் சாப்பாடு ஆனப்புறம் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சேன். "ஸாரிடி"ன்னேன். "அந்தத் தண்ணி எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பேபி ஸிக்கா இருந்தா பேப்டைஸ் பண்ண. ஆனா அது தேவையில்ல மம்மி. டாப்ல வர்ற தண்ணியே போதும். ஸ்கூல்ல சிஸ்டர் சொன்னாங்க."

"ரோஸி, நீ ஒரு தப்புப் பண்ணியிருக்க. வாயைத் தொறந்தா அது வெளிய வந்துரும், அம்மா அடிப்பாங்கன்னு தெரியுது. அப்பவும் நீ டாப் தண்ணி போதும்னு சொல்லுவியா?"

அவ கன்னத்துல என் விரல் இன்னும் சிவப்பா இருந்துச்சு.

"நான் வந்து சொன்னேன்ல மம்மி"ன்னா. "நீ அடிச்ச."

அப்புறம் அவளே எந்திரிச்சுப் போயி, பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு, பெட்டியில துணிக்கு மேலாக்க வச்சு மூடுனா.

7

மச்சான் எழுதுன கடுதாசியில இன்னும் ஒரு துண்டு இருக்கு. அக்கா சொன்னதெல்லாம் முடிஞ்சு, அவ கைநாட்டுக்குக் கீழ, ஓரத்துல பொடி எழுத்துல மச்சான் தனியா எழுதுனது. அதை அப்படியே இங்க எழுதுறேன்.

'லூர்து, இது உங்க அக்கா சொல்லாதது. உங்க அம்மா செத்த வருசத்துல இருந்து கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு மெழுகுவத்தி வாங்கச் சொல்றா. ஒண்ணை நான் காட்டுன மேட்டுல வைக்கிறா. இன்னொண்ணை முந்தானையில மறைச்சுக்கிட்டு, செத்த நேரம் இருங்க, வாரேன்னு சொல்லிட்டு வேலிக்கு வெளிய போறா. திரும்பி வர்றப்போ கையில வத்தி இருக்காது. நான் கேக்கலை. அவளும் சொல்லலை.'

அப்ப வேலி அவளுக்குத் தெரியும். தேடுனது தெரியும். அம்மா சொன்னது பொய்னு தெரியும். பதினாலு வருசம் அந்த மேட்டுல எங்களுக்காக மெழுகுவத்தி ஏத்தியிருக்கா. நாங்க அவளை ஏமாத்துனோம்னு நாங்க நெனச்சோம், அவ எங்களை ஏமாற விட்டிருக்கா. அவளுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. பாட்டில் இல்லாமப் போனது விதின்னுதான் நெனச்சுக்கிட்டு இருப்பா.

நீல ஏர் லெட்டர்ல இதை மச்சானுக்கு எழுதிப் பாத்தேன். ஆறு தடவை எழுதி ஆறையும் கிழிச்சேன். தனியா எழுதுனா மச்சான் அதை மடிச்சுப் பையில வச்சுக்குவாரு, அவ மனசு நோகும்னு வாசிக்க மாட்டாரு. அவர் அப்படி. பங்குப் பத்திரிகைன்னா மறைக்க முடியாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் அட்டையில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சுக் காட்டச் சொல்லுவா. தங்கச்சி பேரு இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உக்கார வச்சிருப்பா.

எனக்கு இன்னும் மூணு வாரம் இருக்குங்கிறாங்க. இது அச்சாகி அவ கையில கெடைக்கிறப்போ என் பிள்ளை பொறந்திருக்கும். நல்லபடியோ, கெட்டபடியோ. அதனாலதான் இப்பவே தபால்ல போடுறேன். பொறந்தப்புறம் எழுதுனா, நல்லபடியாப் பொறந்திருச்சே, இனி எதுக்குன்னு விட்டுருவேன். என்னை எனக்குத் தெரியும்.

மச்சான், நாலாம் எண் போட்ட எடத்துல உங்க குரல் இறங்கும். அக்கா, என்னங்க நிறுத்திட்டீங்கன்னு கேப்பா. கண்ணு கரிக்குதுன்னு சொல்லிப் பக்கத்தைத் திருப்பிறாதீங்க. அந்தப் பானை வர்ற எடத்தைத் தாண்டி வாசிச்சிறாதீங்க. அவ கேக்கட்டும்.

அக்கா, தண்ணி இருந்துச்சுக்கா. உன் கட்டில்ல இருந்து நாலு எட்டுல, பானை நிறைய இருந்துச்சு. அது போதும்னு எனக்குத் தெரியும். நான் வாயைத் தொறக்கலை.